சென்னை – திருநெல்வேலி கார் பயணம்: கட்டுச்சோறு, தின்பண்டம், குடிக்க எடுத்துப் போவது எப்படி?

#1 – குரோம்பேட்டை வாசல்

மே முதல் வாரம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறோம். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குள் போய்ச் சேரத் திட்டம். வண்டியில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், அம்மா (சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார்), 8 வயதுப் பையன், 3 வயதுப் பெண். காலை, மதியம் இரண்டு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். கேட்க வேண்டியவை: வெயிலில் எது எத்தனை மணி நேரம் தாங்கும், எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும். தயிர்சாதம் எடுக்கலாமா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து. அளவு சொல்லி எழுதினால் நன்றி.

#2 – கட்டுச்சோறு

முதலில் வரிசையை முடிவு செய்யுங்கள். எது சீக்கிரம் கெடுமோ அதை முதலில் சாப்பிட வேண்டும். உங்கள் நேரத்துக்கு இட்லி காலை 7 மணிக்கு, தயிர்சாதம் எடுத்தால் 11 மணிக்கு, புளியோதரை 1 மணிக்கு. பலர் புளியோதரையைக் காலையிலேயே காலி செய்துவிட்டு, மதியத்துக்குத் தேங்காய் சாதத்தை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். அது தலைகீழ்.

புளியோதரைக்கு அளவு: அரை கிலோ அரிசி உங்கள் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்குத் தாராளம். அதற்குப் புளி 100 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, காய்ந்த மிளகாய் 12 முதல் 15, கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, மஞ்சள்தூள் அரைக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைக்கரண்டி, தனியா ஒரு மேசைக்கரண்டி. வெல்லம் நெல்லிக்காய் அளவு. புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்துவிடுங்கள். எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை கொதிக்க வேண்டும். பலர் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். தண்ணீர் மிச்சம் நிற்கும், அதுதான் சாதத்தை நொசநொசவென்று ஆக்கிக் கெடுப்பது.

சாதம் குழையக் கூடாது. பச்சரிசியோ புழுங்கலோ, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும். வெந்ததும் அகலத் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, கரண்டிக் காம்பால் பரத்தி, மின்விசிறிக்கு அடியில் 20 நிமிடம் ஆறவிடுங்கள். கையால் தொட்டால் சூடு தெரியாத பிறகுதான் காய்ச்சலைக் கலக்க வேண்டும். கலந்தபின் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டுத் தட்டில் சாப்பிடுவதைவிடச் சற்றுத் தூக்கலாகப் புளிப்பும் உப்பும் இருக்க வேண்டும். சாதம் ஊற ஊறச் சுவை இறங்கிவிடும். அது மட்டும் இல்லை, அந்தப் புளிப்புதான் அதைக் காப்பாற்றுவது.

வேர்க்கடலையைத் தனியாகப் பொட்டலம் கட்டிச் சாப்பிடும்போது தூவுங்கள். காலையிலேயே கலந்தால் மதியத்துக்குள் நமத்துப்போகும்.

#3 – வாழையிலை

இட்லி பற்றி நான் சொல்றேன். பெரியவங்களுக்கு ஆளுக்கு நாலு, பையனுக்கு மூணு, சின்னப் பொண்ணுக்கு ரெண்டு. 17 வரும், 18-ஆ வைங்க. சட்னி வேண்டவே வேண்டாம். தேங்காய்ச் சட்னி மே மாசத்துல மூணு மணி நேரத்துல நுரைக்க ஆரம்பிச்சிடும். சாம்பார் வண்டியில கொட்டும். மிளகாய்ப்பொடிதான்.

ஒரு இட்லிக்கு ஒரு தேக்கரண்டி பொடி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்னு கணக்கு. பொடியையும் எண்ணெயையும் முதல்ல குழைச்சுக்கிட்டு, இட்லியோட ரெண்டு பக்கமும் ஓரத்துலயும் தடவணும். சூடா இருக்கும்போது தடவினா எண்ணெயை உறிஞ்சிட்டு மேல வறண்டுபோயிடும். முழுசா ஆறினதும் தடவினா ஒட்டாது. கை பொறுக்கிற சூட்டில தடவி, தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பி, முழுசா ஆறவிட்டுக் கட்டணும்.

எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான். நாலு மணிக்குக் கிளம்பணும்னு அவசரத்துல சூட்டோட டப்பாவுல அடைச்சு மூடிடறாங்க. மூடியில ஆவி முத்து முத்தா நின்னு திரும்ப இட்லி மேலயே சொட்டும். ஏழு மணிக்குத் திறந்தா மேல பிசுபிசுன்னு நூல் இழுக்கும். சாப்பாடு கெட்டுப்போகக் காரணம் வெயில் மட்டும் இல்லை, நாமளே உள்ள அடைச்ச ஆவியும்தான்.

இலையில கட்டறதா இருந்தா, இலையை அடுப்புத் தணல்ல ரெண்டு பக்கமும் காட்டி வாட்டுங்க. பச்சை நிறம் அடர்த்தியாகிப் பளபளன்னு வரும், அப்ப மடிச்சாலும் கிழியாது. நடுநரம்பை வெட்டி எடுத்துடுங்க. இலைப் பொட்டலத்து மேல பருத்தித் துணி சுத்துங்க. செய்தித்தாள் வேண்டாம், எண்ணெய் பட்டா மை இறங்கி இலை வழியாச் சாப்பாட்டுக்கு வரும். உணவுப் பாதுகாப்புத் துறையும் இதை எச்சரிச்சுக்கிட்டே இருக்கு.

#4 – உணவுத்தரம்

வாழையிலை சொன்னதன் காரணத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் மற்ற உணவுகளுக்கும் நீங்களே முடிவு செய்யலாம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். சாதம் கொதித்தாலும் அவை சாகாது. சாதம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகும். 5 முதல் 60 டிகிரி வரை இவற்றுக்கு வசதியான வெப்பம், 30-ஐ ஒட்டி வேகம் அதிகம். வளர்ந்தபின் சில வகைகள் உமிழும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. “சாயங்காலம் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கலாம்” என்பது இதனால்தான் பயன்படாது. வாசனையும் சுவையும் மாறாமலே இருக்கலாம், அதனால் மோந்து பார்த்துத் தீர்மானிப்பதை நம்ப வேண்டாம்.

பொது விதி: கெடக்கூடிய சமைத்த உணவு வெளியில் இருந்தால் 2 மணி நேரம். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம். மே மாதம் திருச்சி, மதுரையில் 38, 40 போகும். ஏ.சி. ஓடும்போது காருக்குள் 25 இருக்கலாம். வண்டியை நிறுத்திச் சாப்பிடும் அரை மணி நேரத்தில் உள்ளே 50 தாண்டும்.

புளிக்காய்ச்சல் இந்த விதிக்குச் சற்று வெளியே நிற்கிறது. அமிலமும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து வளர்ச்சியை மட்டுப்படுத்தும், தண்ணீரும் குறைவு. ஆனால் #2-இல் சொன்ன “தூக்கலான புளிப்பு” இருந்தால்தான். குழந்தைக்காகப் புளி குறைத்து, மெலிதாகக் கலந்த புளியோதரைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எலுமிச்சை சாதம் பார்க்க அதே போல இருந்தாலும் அதே அளவு தாங்காது. சாறு சீராகக் கலக்காமல் சில பருக்கைகளில் படாமல் விட்டுப்போகும். அதை 10 மணிக்குள் முடியுங்கள். தேங்காய் சாதம், வெஜிடபிள் புலாவ், உருளைக்கிழங்கு மசாலா மூன்றும் உங்கள் பட்டியலில் வேண்டாம்.

#5 – கட்டுச்சோறு

தயிர்சாதம் பற்றி: எடுக்கலாம். அரிசி ஒரு குவளைக்கு நாலு குவளை தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து மசித்து, காய்ச்சி ஆறின பால் ஒன்றரைக் குவளை, தயிர் இரண்டு கரண்டி. கிளம்பும்போது தயிர் வாசனையே இருக்காது, 11 மணிக்குச் சரியாகப் புளித்திருக்கும். பெரியவர்கள் காலம் காலமாகச் செய்யும் முறை இது.

#6 – உணவுத்தரம்

கட்டுச்சோறு ஐயா, இந்த ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இரண்டு கரண்டி தயிர் ஒன்றரைக் குவளைப் பாலைப் புளிக்க வைக்க 4 முதல் 6 மணி நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் அது வெதுவெதுப்பான பால்சாதம், அமிலப் பாதுகாப்பு இல்லை. அதிலும் சாதம் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தயிரைப் போட்டால், தயிரில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் செத்துவிடும். அப்புறம் அது புளிக்கவே புளிக்காது, பால் கெடுவது மட்டும் நடக்கும். “தயிர்சாதம் புளிக்கலை, நல்லா இருக்கு” என்று சந்தோஷப்படும் இடமே ஆபத்தான இடம்.

திருத்தம் இப்படி. சாதத்தைக் கைச்சூடு வரை ஆறவிடுங்கள். பாலும் தயிரும் சமபங்கு, புளிக்காத புதுத் தயிர். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து ஆறியபின் சேருங்கள். பச்சை வெங்காயம் வேண்டாம். மாதுளை, திராட்சை எல்லாம் சாப்பிடும்போதுதான். ஆறினதும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, கிளம்பும்போது ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். ஐஸ்பெட்டி இல்லை என்றால் தயிர்சாதத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம். வயதான அம்மாவும் 3 வயதுக் குழந்தையும் கூட வருகிறார்கள்.

#7 – கட்டுச்சோறு

சமபங்கு முறையை ஏற்கிறேன். கைச்சூட்டில் தயிர் சேர்ப்பது நானும் செய்வதுதான், எழுதும்போது விட்டுவிட்டேன். ஐஸ்பெட்டியில் வைத்தால் சாதம் இறுகும், அதனால் வழக்கத்தைவிட நீர்க்கக் கலக்குங்கள். சாப்பிடும்போது சரியாக இருக்கும்.

#8 – ஐஸ்பெட்டி

பெட்டி பற்றிப் பேசலாம். 10, 12 லிட்டர் ஐஸ்பெட்டி ஒன்று போதும். இல்லையென்றால் கெட்டியான தெர்மக்கோல் பெட்டியும் வேலை செய்யும், மூடி ஓரத்தைச் சுற்றிப் பேக்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஐஸ் தனியாக வாங்க வேண்டாம். ஒரு லிட்டர், அரை லிட்டர் பாட்டில்களில் குடிநீர் ஊற்றி இரண்டு நாள் முன்பே ஃபிரீசரில் வையுங்கள். முக்கால் பாட்டிலுக்குக் கொஞ்சம் மேல்வரை ஊற்றினால் போதும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், நிரம்ப ஊற்றினால் பாட்டில் பிளந்துவிடும். வழியில் உருக உருகக் குடிக்கலாம். கட்டி ஐஸ் மீன்கடைக்குத் தயாரிப்பது, பாட்டிலுக்கு வெளியே மட்டும் பயன்படுத்தினாலும் உருகிய நீர் சாப்பாட்டில் படும். உலர் ஐஸ் எதற்கும் வேண்டாம். அது கரியமில வாயு, மூடிய காரில் மூச்சுத்திணறல் வரும்.

பெட்டிக்குள் அடியில் இரண்டு உறைந்த பாட்டில், நடுவில் சாப்பாடு, மேலே இரண்டு உறைந்த பாட்டில். குளிர்ந்த காற்று கீழே இறங்கும், அதனால் மேல் அடுக்கு இல்லாமல் அடியில் மட்டும் ஐஸ் வைத்தால் மேலே உள்ளது சூடாகிவிடும். பெட்டியை முதல்நாள் இரவே ஒரு ஐஸ் பாட்டில் போட்டு மூடி வையுங்கள். சூடாக இருக்கும் பெட்டி, வைத்த ஐஸில் ஒரு பங்கைத் தன்னைக் குளிர்விக்கவே தின்றுவிடும்.

குடிக்கும் பாட்டில்களை அதே பெட்டியில் வைக்காதீர்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். குடிக்க ஒரு சின்னப் பை, சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி. பெட்டி டிக்கியில் போகக் கூடாது, அங்கே ஏ.சி. எட்டாது. முன்சீட்டுக்குப் பின்னால் கால்வைக்கும் இடத்தில் வைத்து மேலே ஈரமில்லாத துண்டு போட்டு மூடுங்கள்.

#9 – குரோம்பேட்டை வாசல்

மிக்க நன்றி. ஐஸ்பெட்டி இருக்கிறது. அம்மாவின் இன்சுலினையும் இதிலேயே வைக்கலாமா? அப்புறம் காபி. அம்மாவுக்கு 6 மணிக்கும் 3 மணிக்கும் காபி வேண்டும்.

#10 – உணவுத்தரம்

இன்சுலின் ஐஸ் பாட்டிலைத் தொடக் கூடாது. ஒருமுறை உறைந்தால் வீணாகிவிடும், உருகிப் பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. பருத்தித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு, பெட்டியின் நடு அடுக்கில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். டாஷ்போர்டில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

அதைவிட முக்கியம் நேரம். பயணத்தில் “அடுத்த ஊரில் நிறுத்தலாம்” என்று தள்ளிப் போகும். இன்சுலின் போட்டபின் சாப்பாடு தள்ளினால் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரைப் பொட்டலம் அவர் கைப்பையில் இருக்க வேண்டும், டிக்கியில் இல்லை. கடலை மிட்டாய் இதற்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏற நேரமாகும். பயணத்துக்கு முன் அவருடைய மருத்துவரிடம் அளவும் நேரமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

#11 – டிகாக்‌ஷன்

காபியைக் கலந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றாதீர்கள். பால் கலந்த காபி ஃபிளாஸ்க்கில் மூன்று மணி நேரம் இருந்தால் அடிபிடித்த வாசனை வரும், ஆறு மணி நேரம் ஆனால் திரியும். ஃபிளாஸ்க் ரப்பரில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டு அடுத்த பயணத்துக்கும் வரும்.

40 கிராம் காபித்தூளுக்கு 200 மில்லி கொதிநீர் விட்டு வடித்தால் 150 மில்லிக்கு அருகில் கெட்டி டிகாக்‌ஷன் கிடைக்கும். அதைச் சின்ன எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை சேர்க்காமல். அது மாலைவரை நிற்கும், வாசம் மட்டும் கொஞ்சம் குறையும். 6 மணிக்கு ஃபிளாஸ்க்கில் காய்ச்சிய பால் 300 மில்லி. ஊற்றுவதற்கு முன் ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டுங்கள். குளிர்ந்த ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் அந்த உலோகமே பாலின் சூட்டை வாங்கிவிடும். மிச்சப் பாலை மாலைக்கு வைக்க வேண்டாம். 3 மணிக்கு விருதுநகர் பக்கம் எந்த டீக்கடையிலும் “சூடா வெறும் பால்” கேட்டால் கொதிக்கும் பாலை ஊற்றித் தருவார்கள், உங்கள் டிகாக்‌ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்பதால் இது இன்னும் வசதி. கடைக் காபியில் முன்கூட்டியே சர்க்கரை போட்டுவிடுவார்கள்.

#12 – நாலுவழிச் சாலை

ஓட்டுநர் பக்கம் யாரும் எழுதவில்லை. தாம்பரம், செங்கல்பட்டு தாண்டி விக்கிரவாண்டி வரும்போது காலை 7-க்குள் இருக்கும், அங்கே இட்லி. திருச்சி சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு 10 மணிக்குப் பக்கம் போவீர்கள். 11 மணிக்குத் தயிர்சாதம் என்று போட்டிருக்கிறீர்கள், அது ஓட்டுபவருக்கு வேண்டாம். 1 மணிக்குப் புளியோதரையும் அவருக்கு அரைவயிறுதான். நெல்லைக்குப் போகிற வழியில் மதுரை தாண்டி ஆளில்லாத நேர்ச்சாலை, 2 முதல் 4 மணி வரை உடம்பே தூக்கத்துக்குத் தயாராகும் நேரம். வயிறு நிறையச் சோறு போட்டால் கண் மூடும். மதியம் இரண்டு இட்லி அளவு சாதம், பிறகு வறுத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, வெள்ளரிப்பிஞ்சு, மோர். தூக்கம் வந்தால் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவதுதான் வைத்தியம், காபியும் சூயிங்கமும் அதற்கு ஈடு இல்லை.

ஓட்டிக்கொண்டே சாப்பிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் உரித்து, திறந்து கையில் கொடுப்பதும் வேண்டாம். வண்டி நின்றபின் சாப்பாடு.

#13 – வாழையிலை

தின்பண்டம். முறுக்கு, தட்டை, காராச்சேவு, சீடை எல்லாம் ஒரே பெரிய டப்பாவுல கொட்டாதீங்க. சென்னைக் காத்து ஈரம், திறந்து மூடித் திறந்து மூடி எல்லாம் நமத்துடும். ஆளுக்கு 50 கிராம் அளவுல சின்னச் சின்ன பட்டர்பேப்பர் பொட்டலமாப் போட்டு, அதை ஒரு எவர்சில்வர் டப்பாவுல அடுக்குங்க. சண்டையும் வராது. ஆனா உப்பு அதிகமான பண்டம் தின்னா தண்ணி தாகம் கூடும், அதனால காராபூந்தி, சிப்ஸை மதியத்துக்கு மேல குறைங்க.

அவல், பொரிகடலை, பொரி கலவை நல்லது. கோவில்பட்டி போற வழியிலதான் போறீங்க, கடலை மிட்டாயை சென்னையில வாங்கிச் சுமக்க வேண்டாம். புவிசார் குறியீடு 2020-ல வாங்கின பண்டம், அங்கேயே புதுசாக் கிடைக்கும். வெயில்ல வைச்சா வெல்லம் இளகி வில்லை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நடுவுல பட்டர்பேப்பர் வைங்க. சாக்லேட் எடுக்கவே வேண்டாம், 34 டிகிரியிலயே கொக்கோ வெண்ணெய் உருகிடும்.

பழம்: கொய்யா, ஆரஞ்சு, கமலா. வாழைப்பழம்னா ஏலக்கி, காய்வெட்டுல எடுங்க. நல்லாப் பழுத்த ரஸ்தாளி வண்டி ஆட்டத்துல நசுங்கிடும். தர்பூசணி வெட்டி எடுத்தா ஐஸ்பெட்டியில, நாலு மணி நேரத்துக்குள்ள. நுங்கு செங்கல்பட்டு தாண்டினா சாலையோரமே இருக்கும், உங்க எதிர்ல சீவித் தர்றதை வாங்கிக்கோங்க.

#14 – உணவுத்தரம்

3 வயதுக் குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, மிட்டாய், பொரிகடலை ஓடும் வண்டியில் கொடுக்காதீர்கள். குலுங்கும்போது மூச்சுக்குழாயில் போகும். பின்சீட்டில் அது சிக்கியதை முன்னே இருப்பவருக்குச் சத்தத்தில் தெரியாது, ஏனென்றால் முழுதாக அடைத்தால் சத்தம் வராது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். குச்சியில் வருகிற எதுவும் வண்டி ஓடும்போது வாயில் இருக்கக் கூடாது.

குழந்தைக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் காலையில் பாலும் எண்ணெய்ப் பண்டமும் குறைத்து, கிளம்புவதற்கு முன் ஒரு இட்லி போதும். பசியாக இருந்தாலும் குமட்டும், அதனால் வெறும் வயிற்றிலும் வைக்காதீர்கள். சுக்கும் வெல்லமும் சேர்த்த உருண்டையைப் பெரியவர்கள் பயன்படுத்தலாம். ஒரு கெட்டிப் பை, ஒரு ஈரத்துண்டு முன்சீட்டுக்கு அருகிலேயே இருக்கட்டும்.

#15 – ஐஸ்பெட்டி

தண்ணீர் கணக்கு. பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர், குழந்தைக்கு 1 லிட்டர் என்றால் 8 லிட்டர். கை கழுவ, தட்டு அலச, வண்டிக்கு என்று இன்னும் 5 லிட்டர் கேன். 20 லிட்டர் கேனைச் சீட்டில் வைக்க வேண்டாம். சடாரென்று பிரேக் போட்டால் 20 கிலோ முன்னே பறக்கும். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்கள், கதவுப் பையில் நிற்கிறபடி.

பெண்கள், குறிப்பாக வயதானவர்கள், கழிப்பறைக்காகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் உட்காருவதைத் தவிர்க்க வேண்டும். அதனால் தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் வருகிறது. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி, டேங்க் நிரப்பாவிட்டாலும் கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துவிட்டுத் தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள்.

#16 – டிகாக்‌ஷன்

மோருக்கு அளவு: தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. ஒரு லிட்டருக்கு ஒரு விரல்நீள இஞ்சி, பாதிப் பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் சிட்டிகை, கல்உப்பு முக்கால் தேக்கரண்டி. நசுக்கி வடிகட்டுங்கள், தாளிக்க வேண்டாம். பாதி மோரைப் பாட்டிலில் ஊற்றி உறையவைத்து, மீதியைக் குளிரக் குளிர மேலே நிரப்பினால் மதியம் வரை புளிக்காது. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். மோரும் பானகமும் வெயிலில் நொதித்து வாயு சேரும், திறக்கும்போது பீய்ச்சி அடிக்கும்.

பானகத்துக்கு லிட்டருக்கு 100 கிராம் வெல்லம், எலுமிச்சை ஒன்று, சுக்கு, ஏலக்காய். அம்மாவுக்கு வேண்டாம். நன்னாரி சர்பத்தைச் சாறாகவே எடுத்துப் போய்க் குடிக்கும்போது கலக்குங்கள்.

செம்பு பாட்டில் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, பானகம் மூன்றும் செம்பில் ஊற்றக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்து நீலப்பச்சைச் சாயல் இறங்கும், குமட்டலும் வயிற்றுவலியும் வரும். வெறும் தண்ணீர் மட்டும்தான். புளியோதரையைப் பித்தளைத் தூக்கில் வைக்காதிருப்பதும் இதே காரணத்துக்காக, ஈயம் பூசியது தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். எவர்சில்வர் தூக்கே நல்லது.

#17 – உணவுத்தரம்

கூடவே இரண்டு ஓ.ஆர்.எஸ். (வாந்தி, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் எடுங்கள், மருந்துக்கடையில் வாங்குங்கள். முழுப் பொட்டலத்தையும் அதில் சொன்ன தண்ணீரில், பொதுவாக ஒரு லிட்டரில், கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதி டம்ளர் என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடிக் குழந்தைக்குத் தீங்கு. கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் அந்த வார்த்தையைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. அந்த நிறுவனத்தின் அளவில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்று கணக்கு. பெட்டியில் உள்ள சர்க்கரை அளவைப் படித்தாலே வித்தியாசம் தெரியும்.

#18 – நாலுவழிச் சாலை

வண்டிக்குள் அடுக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எடுக்கப்போவது கடைசியில் ஏற்றுங்கள். இட்லிப் பொட்டலம் மேலே, தட்டும் இலையும் அதற்குப் பக்கத்திலேயே. புளியோதரை கீழே. கரண்டி, கத்தி, உப்பு, ஊறுகாய், கைத்துடைக்கும் துணி எல்லாம் ஒரே சின்னப் பையில். இந்தப் பையை மறந்தால் மற்றதெல்லாம் இருந்தும் விரல்விட்டு ஊறுகாய் எடுப்பீர்கள்.

தட்டுக்கு வாழையிலை, மந்தாரை இலை அல்லது பாக்குமட்டை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், தெர்மக்கோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் தடை. குப்பைக்கு ஒரு மூடி வைத்த டப்பா வைத்துக்கொள்ளுங்கள், பையாக இருந்தால் புளிச்சாறு ஒழுகிக் காரின் தரைவிரிப்பு நாறும். சாப்பிட்ட இலையை ஜன்னல் வழியாக வீசக் கூடாது, பின்னால் வரும் இருசக்கர வண்டியின் முகத்தில் விழும். அடுத்த டோல்கேட்டிலோ பங்கிலோ தொட்டியில் போடுங்கள்.

#19 – குரோம்பேட்டை வாசல்

எல்லோருக்கும் நன்றி. நாளை புளிக்காய்ச்சல் போடுகிறேன். கடைசியாக ஒன்று: திரும்பி வரும்போது அல்வா வாங்கி வர வேண்டும், ஐஸ்பெட்டியில் வைக்கலாமா?

#20 – கட்டுச்சோறு

வேண்டாம், குளிரில் அல்வா இறுகி, நெய் வெள்ளையாகத் திரண்டு சுவை மாறும். கோதுமைப் பால் அல்வா நெய்யிலேயே ஊறியது, வெளியில் சில நாள் நிற்கும். ஆனால் வெயிலில் நெய் உருகி வழியும். கடையில் தரும் பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில் நிமிர்த்தி வைத்து, காலடியில் நிழலில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் தின்று முடிக்கும் அளவே வாங்குங்கள். ஐஸ்பெட்டியைத் திரும்பும்போது வெள்ளரிக்கும் மோருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உறையவைத்த பாட்டில்களுக்கு, நெல்லையில் தங்கும் வீட்டில் முந்தின இரவே ஃபிரீசரில் இடம் கேட்டு வையுங்கள்.